வீட்டுக்கு வந்து படுக்கிற மாதிரி ஒரு லாரி வேலை

என் ஹெவி லைசென்ஸ் 2017 ஆகஸ்டோடு முடிந்துபோயிருந்தது. அதை நான் எடுத்துப் பார்த்தது 2024 ஏப்ரலில். நடுவில் அத்தனை வருஷமும் அந்த அட்டை பீரோவுக்குள், அம்மாவின் பேங்க் பாஸ்புக்குக்கு அடியில் கிடந்திருக்கிறது.

2002-ல் கிளீனராக ஏறினேன். 2005-ல் பேட்ஜ், அதாவது சரக்கு வண்டி ஓட்டுகிற அனுமதி, எடுத்தேன். 2015 வரை லைன் வண்டி. தூத்துக்குடியில் உப்பு ஏற்றினால் பெங்களூர், ஹைதராபாத் என்று போய், கிடைக்கிற லோடைப் பிடித்து ஊர் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். மகள் பிறந்த செய்தி எனக்குக் கர்னூல் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் வைத்துத்தான் வந்தது. அப்பா தவறிய பிறகு போதும் என்று இறங்கி, திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊரிலேயே பலசரக்குக் கடை போட்டேன். முதலில் நன்றாகத்தான் ஓடியது. கொரோனாவுக்குப் பிறகு தள்ளாடியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை தாண்டி வந்தபோது கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி, பருப்பு மூட்டை எல்லாம் ஊறிப் போனது. பொங்கலுக்குப் பிறகு கடையைத் திறக்கவில்லை.

அம்மாவுக்கு அதற்கு முந்தைய வருஷம் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. ராத்திரி இரண்டு முறையாவது தூக்கி உட்கார வைக்க வேண்டும். என் மனைவியால் தனியாக முடியாது. அதனால் எனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்புவது, ஆனால் தினமும் வீட்டுக்கு வந்து படுக்கிற மாதிரி ஓட்டுவது என்று முடிவு செய்தேன். பழைய கூட்டாளிகள் பலர், "லைன்ல போனாத்தாம்ல நாலு காசு பாக்கலாம், லோக்கல்ல என்ன கெடைக்கும்?" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. லோக்கலில் மாதக் கடைசியில் கையில் நிற்பது குறைவுதான். ஆனால் சாப்பாடு வீட்டில், தூக்கம் வீட்டில், அம்மா கண் முன்னால். என் கணக்கு வேறு.

முதல் வேலை லைசென்ஸ். இதில் நான் தாமதமாகத் தெரிந்துகொண்டதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முடிந்த லைசென்ஸை டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்க முன்பெல்லாம் ஐந்து வருஷம் வரை அவகாசம் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அது ஒரு வருஷமாகக் குறைந்துவிட்டது. முடிகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்து, முடிந்த பிறகு ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் மறுபடியும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். அதே திருத்தத்தில் ஒரு நல்லதும் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருந்த டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் இப்போது ஐந்து வருஷம் நிற்கும். வேறு தொழிலுக்குப் போனாலும், வெளிநாடு போனாலும், அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இதிலேயே போனது.

மருத்துவச் சான்றிதழுக்குப் போன இடத்தில்தான் எனக்குத் தூரப் பார்வை குறைந்திருப்பது தெரிந்தது. கடைக்குள் தராசையும் பில்லையும் பார்த்துக்கொண்டே ஒன்பது வருஷம் போனதில் நான் அதை உணரவே இல்லை. டாக்டர் சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னபோது கீழ் இரண்டு வரி கலங்கியது. பயந்துபோனேன். கண்ணாடி போட்டால் போதும் என்று சொல்லி, கண்ணாடியோடு பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். நாற்பது தாண்டியவர்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே கண்ணையும் சுகரையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்தில் தடுமாறுகிற கண்ணோடு இருபது டன்னை இழுக்கக் கூடாது.

டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் ஒரு வாரம் வண்டி எடுத்துப் பழகினேன். அங்கே இருந்த பையன்களுக்கு என் மகன் வயது. கிளட்ச், கியர் எல்லாம் முதல் நாள் மாலைக்குள் காலுக்கும் கைக்கும் திரும்பிவிட்டது. திரும்பாதது கண்ணாடி பார்த்து ரிவர்ஸ் எடுப்பது. முன்பு எனக்குக் கிளீனர் இருந்தான், பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று தட்டுவான். லோக்கல் வண்டியில் பெரும்பாலும் ஒற்றை ஆள்தான். அதனால் அந்த ஒரு வாரத்தில் முன்னால் ஓட்டியதைவிடப் பின்னால் ஓட்டியதுதான் அதிகம். ஆகஸ்டில் டெஸ்ட் முடிந்து செப்டம்பரில் கார்டு கைக்கு வந்தது.

இந்த இடைவெளியில் வேலை தேடிய கதைதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

முதலில் தப்பான வழியில் தேடினேன். லைசென்ஸ், ஆதார் ஜெராக்ஸை ஒரு கவரில் போட்டுக்கொண்டு பெரிய டிரான்ஸ்போர்ட் ஆபீஸாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "ஒம்பது வருஷமா வண்டி எடுக்கலியே அண்ணாச்சி, இடையில என்ன பண்ணுனிய?" கடை வைத்திருந்தேன் என்று சொன்னதும் முகம் மாறும். "நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, கூப்புடுதோம்." ஒருத்தரும் கூப்பிடவில்லை. அவர்கள் மேலும் குற்றம் சொல்ல முடியாது. முப்பது நாற்பது லட்ச ரூபாய் வண்டியை, மாதா மாதம் டியூ கட்டுகிற வண்டியை, முகம் தெரியாத ஆளிடம் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

தச்சநல்லூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிற ஒரு பழைய மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். வேலை கேட்டுப் போகவில்லை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஆபீஸ்ல போய் நின்னா ஆபீஸ்காரனைத்தாம்யா தெரியும். வண்டி நிக்கிற எடத்துல போய் நில்லும். எந்த வண்டி டிரைவர் இல்லாம நிக்கின்னு எனக்குத் தெரியும், பஞ்சர் கடைக்காரனுக்குத் தெரியும், எடை மேடையில சீட்டு போடுத பையனுக்குத் தெரியும். ஓனருக்கே அதுக்குப் பொறவுதான் தெரியும்."

அந்த ஒரு பேச்சுதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. லோக்கல் வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. காலையில் நாலரை மணிக்கு ஒரு டிரைவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் வீட்டில் சாவு, மூன்றாமவர் சொல்லாமலே வரவில்லை. லோடு ஏற்றி வைத்த வண்டி நிற்கிறது. அந்த நேரத்தில் ஓனர் போன் போடுவது மேஸ்திரிக்கோ டீக்கடைக்கோதான். "யாராவது ஆக்டிங் இருக்காங்களா?" அப்போது உங்கள் பெயர் அவர் வாயில் வர வேண்டும். அதற்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், பேப்பர் சரியாக இருக்க வேண்டும், அரை மணி நேரத்தில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் தகுதி. அடுத்த நாளிலிருந்து காலை நாலு மணிக்கு அந்தப் பட்டறை முக்கில் டீக்கடையில் இருந்தேன். சும்மா இருக்கவில்லை. ஸ்டெப்னி மாற்ற, கிரீஸ் அடிக்க, தார்ப்பாய் கட்ட ஒரு கை கொடுப்பேன். காசு கேட்கவில்லை.

ஹெவி கைக்கு வரும் முன்பே முதல் வேலை கிடைத்தது. நயினார்குளம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்துக் கடைகளுக்குப் போடுகிற ஒரு மினி லாரி. கடைக்கு ஒரு ஆம்னி வைத்திருந்ததால் லைட் லைசென்ஸை மட்டும் நான் புதுப்பித்து வைத்திருந்தேன். ஓனர் தயங்கினார், "இது மஞ்சள் போர்டு வண்டிலா, பேட்ஜ் இல்லாம ஆக்ஸிடண்டு கீக்ஸிடண்டு ஆனா இன்சூரன்ஸ்காரன் காசு தருவானா?" என்று. நியாயமான பயம். ஆனால் வண்டியும் லோடும் சேர்ந்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், லைட் லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்தச் சரக்கு வண்டியை ஓட்டலாம், தனியாக டிரான்ஸ்போர்ட் முத்திரை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. நான் அன்றைக்கு 2017 தீர்ப்பைச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். ஹெவி புதுப்பிக்கக் காத்திருக்கிற யாரும் அந்த மாதங்களைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை.

நாளைக்கு 700 ரூபாய். லைனில் ஓட்டியவனுக்கு இது சின்ன வண்டிதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் திருநெல்வேலி டவுணுக்குள் அந்தச் சின்ன வண்டியில்தான் நான் மறுபடியும் டிரைவர் ஆனேன். வாகையடி முக்கில் காலை ஆறு மணிக்கு மேல் வண்டியைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ரத வீதியில் கடை வாசலில் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்த வேண்டும், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும், கடைக்காரர் தக்காளிப் பெட்டியை எண்ணிக்கொண்டே இருப்பார். ஆனித் தேர் நாட்களில் ரத வீதியை மறந்துவிட வேண்டியதுதான். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குமேல் போலீஸ் விடமாட்டார்கள், எந்தக் கடைக்காரர் எத்தனை மணிக்கு ஷட்டர் திறப்பார், எந்தச் சந்தில் கரண்ட் வயர் தாழ்ந்து கிடக்கிறது, இதெல்லாம் லைன் டிரைவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. லோக்கல் டிரைவருக்கு இதுதான் தொழில். இரண்டே மாதத்தில் மார்க்கெட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஹெவி வந்ததும் மேஸ்திரி வழியாகவே ஆக்டிங் வேலைகள் வந்தன. தாழையூத்திலிருந்து சிமெண்ட், பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி, களக்காட்டிலிருந்து வாழைத்தார். வண்டி சாவியை வாங்குவதற்கு முன்னால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பர்மிட் தேதியைப் பார்த்துவிடுவேன். ஆக்டிங் போகிறவர்கள் இதை வெட்கப்படாமல் செய்யுங்கள். ஒருமுறை இன்சூரன்ஸ் முடிந்து பதினைந்து நாளான வண்டி. "இன்னைக்கு ஒரு நாள்தானே தம்பி" என்றார் ஓனர். அந்த ஒரு நாளில் ஏதாவது ஆனால் கோர்ட் வாசலில் நிற்பது அவரும் நானும்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கோபப்பட்டார். ஆனால் மறு வாரம் பேப்பரைச் சரிசெய்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

வண்டி ரொம்ப மாறியிருந்தது. நான் விட்டுப் போனபோது டீசல், ஆயில், தண்ணீர், காற்று, இந்த நாலும் பார்த்தால் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததெல்லாம் பி.எஸ். 6 வண்டி. டீசல் டேங்க் பக்கத்திலேயே ஆட் ப்ளூ என்று ஒரு சின்ன டேங்க். அது தீர்ந்தால் வண்டி இழுவை குறைந்துவிடும். இதை எனக்கு முன்கூட்டியே சொன்னார்கள். சொல்லாதது இன்னொன்று. சைலன்சர் பக்கம் புகைக் கரியைப் பிடித்து வைக்கிற பில்டர் இருக்கிறது. நெடுந்தூரம் ஓடும்போது அந்தச் சூட்டிலேயே கரி எரிந்து பில்டர் சுத்தமாகிவிடும். லோக்கலில் பத்து கிலோமீட்டர் ஓடி, அரை மணி நேரம் நின்று, மறுபடி பத்து கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சூடு ஏறாது. கரி சேர்ந்துகொண்டே போகும். என் இரண்டாவது வாரத்தில் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. ஏதோ சென்சார் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். மறுநாள் கங்கைகொண்டான் பாலத்தில் வண்டி ஏறவே மறுத்தது. கம்பெனி ஆள் வந்து லேப்டாப் போட்டுத்தான் சரி செய்தார். ஒரு நாள் வேலை போனது, ஓனருக்குச் செலவு.

அந்த விளக்கு எரிந்தால் அன்றைக்கே ஹைவேயில் கொஞ்ச தூரம் சீராக ஓட்டுங்கள். இல்லை, வண்டியை நிறுத்தி வைத்து, பில்டரைச் சுத்தம் செய்வதற்கென்று இருக்கிற சுவிட்சைப் போட்டுக் கரியை எரிக்க விடுங்கள், பாதியில் ஆஃப் செய்யாதீர்கள். அப்படி நிறுத்துகிற இடத்தில் வைக்கோல், சருகு கிடக்கக் கூடாது. சைலன்சர் அவ்வளவு சூடாகும். அறுப்பு சீசனில் களத்து மேட்டில் வண்டி நிறுத்துகிற நம்மூருக்கு இது முக்கியம்.

பேப்பர் விஷயமும் மாறிவிட்டது. செக்போஸ்டில் வரிசையில் நின்று முத்திரை குத்திய காலம் 2017-ல் ஜி.எஸ்.டி.யோடு போனது. இப்போது இ-வே பில், சரக்கோடு போகிற ஆன்லைன் சீட்டு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் வேண்டும். இதில் டிரைவர் பார்க்க வேண்டியது இரண்டே இடம்: வண்டி நம்பர், முடிகிற தேதி. நான் மாட்டியது வண்டி நம்பரில். பழுதான வண்டியிலிருந்து சரக்கை மாற்றி என் வண்டியில் ஏற்றினார்கள், பில்லில் பழைய வண்டி நம்பரே இருந்தது. வழியில் வரித்துறைப் பறக்கும் படை நிறுத்தியது. வண்டி மாறினால் பில்லில் நம்பரை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அனுப்பிய ஆபீஸில் யாரும் போன் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை ரோட்டோரம் நின்றேன். அன்றைக்கு என் மனைவி பக்கத்து வீட்டு மைனியைக் கூப்பிட்டுத்தான் அம்மாவைத் தூக்கினாள். அதிலிருந்து கயிறு கட்டுவதற்கு முன்னால் பில்லைக் கையில் வாங்கிப் படித்துவிடுகிறேன். பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பதால் லோக்கல் சரக்குக்குப் பெரும்பாலும் ஒரே நாள்தான் ஆயுள். ஏற்றிய வண்டி இறக்க முடியாமல் மறுநாள் நின்றால் அதையும் கவனிக்க வேண்டும்.

பாஸ்டேக்கும் அப்படித்தான். நாங்குநேரியோ வாகைக்குளமோ சாலைப்புதூரோ, டோலுக்குப் போகும் முன்பு பேலன்ஸ் இருக்கிறதா என்று ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும், 2025 நவம்பர் 15 முதல் யுபிஐ-ல் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. சில இடங்களில் அந்தக் கூடுதல் பணம் டிரைவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

நடுவில் ஒரு டிப்பர் வேலை வந்தது. குவாரியிலிருந்து ஜல்லி, எம்-சாண்ட். கிடைத்ததிலேயே அதிகச் சம்பளம் அதுதான். நான் போகவில்லை. சம்பளம் மாதக் கணக்கில்லை, நடைக் கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்கிறாயோ அத்தனை காசு. அப்படி ஆகும்போது டிரைவர் தானாகவே வேகத்தைக் கூட்டுவான், தார்ப்பாய் போடுகிற பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிப்பான், ஸ்கூல் விடுகிற நேரத்தில் ஊருக்குள் நுழைவான். அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கணக்கு அவர்களை அப்படி ஓட வைக்கிறது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராத்திரியில் பாறை சரிந்து நாலு பேர் செத்துப்போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. லோடு ஏற்றப் போன லாரிக்காரர்களும் அந்தப் பள்ளத்தில் மாட்டினார்கள். டிப்பர் ஓட்டுவது கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது. போவதாக இருந்தால் மாதச் சம்பளம் பேசிப் போங்கள்.

ஓவர்லோடு பற்றியும் கறாராக இருங்கள். 2018-ல் மத்திய அரசு எடையைக் கூட்டியது, ஆறு சக்கரத்துக்கு 16.2 டன் இருந்தது 18.5 ஆனது, பத்துச் சக்கர டாரஸுக்கு 25 இருந்தது 28.5 ஆனது. ஆனால் நீங்கள் ஓட்டுகிற வண்டியின் ஆர்.சி.யில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடை மேடைச் சீட்டைப் போனில் போட்டோ எடுத்து வைப்பது என் வழக்கம்.

ஒரு இடத்தில் ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டுச் சம்பளம் முழுசாக வாங்காமலே வந்தேன். "கணக்கு முடிக்கணும், அடுத்த வாரம்" என்றே போனது. டயர் வெடித்ததற்குப் பிடித்தம், டோலுக்குப் பிடித்தம் என்று கடைசியில் நான்தான் கொடுக்க வேண்டும் என்கிற மாதிரி ஆகிவிட்டது. தப்பு என் பக்கமும் உண்டு. வேலை கிடைத்த சந்தோஷத்தில் எதையுமே பேசாமல் சாவியை வாங்கினேன். வருஷக் கணக்கில் விலகி இருந்து திரும்புகிறவர்களுக்கு இந்தப் பலவீனம் இருக்கும். நமக்கு ஒருத்தர் வேலை கொடுக்கிறாரே என்ற நன்றியில் வாய் அடைத்துப்போகும். ஓனருக்கு நிற்கிற வண்டி நஷ்டம் என்பதை மறந்துவிடுவோம். அவருக்கும் நாம் தேவை.

அதனால் இப்போதைய ஓனரிடம் போனபோது முதலிலேயே பேசிவிட்டேன். அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர், வயதானவர். "அய்யா, சம்பளம் எவ்வளவு, பேட்டா தனியா, இறக்குக்கூலி யாரு குடுக்கணும், பஞ்சர் ஆனா யாரு, லோடு எறங்காம நின்னா அன்னைக்கு பேட்டா உண்டா, பைன் போட்டா யாரு கணக்கு, இதைச் சொல்லிருங்க. ராத்திரி பத்து மணிக்குள்ள நான் வீட்டுல இருக்கணும், எங்கம்மைக்கு முடியல" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் கேட்டு யாரும் வந்ததில்ல" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். வேகத்துக்குப் போடுகிற பைன் மட்டும் என்னுடையது, மற்றதெல்லாம் அவருடையது என்று முடிந்தது. ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் வைத்திருக்கிறோம். பத்திரமெல்லாம் இல்லை, சாதாரண நோட்டுதான். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் எங்களுக்குள் ஒரு சத்தம் வந்ததில்லை.

ஆறு சக்கர வண்டி. களத்திலிருந்து நெல் ஆலைக்கு, ஆலையிலிருந்து அரிசி தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் கடைகளுக்கு. நான் கடை வைத்திருந்தபோது 25 கிலோ மூட்டையாக இருந்தது இப்போது 26 கிலோ. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வரி வந்ததால் ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிவிட்டார்கள். மூட்டை எண்ணிக்கையை வைத்து எடைக் கணக்குப் போடுகிற டிரைவருக்கு அந்த ஒரு கிலோ தெரிந்திருக்க வேண்டும். 400 மூட்டையில் 400 கிலோ கூடும். பலசரக்குக் கடையில் கழித்த வருஷங்களை ஆபீஸ்காரர்கள் குறையாகப் பார்த்தார்கள். இந்த அய்யா அதைத்தான் விரும்பினார். கடைக்காரரிடம் எப்படிப் பேசி இறக்குவது, கிழிந்த மூட்டையை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தாலும், அதைத் தேவைப்படுகிற ஒரு ஓனர் எங்கோ இருப்பார். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நாகர்கோவில் ரோட்டைப் பற்றி ஒன்று. ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாயில் அடிக்கிற காற்று காலி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. லோடோடு போகும்போது தெரியாது. இறக்கிவிட்டு, தார்ப்பாயை அரைகுறையாகச் சுருட்டிப் போட்டுத் திரும்பும்போதுதான் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தார்ப்பாய் எந்த மூலைக்கு? என் தார்ப்பாய் ஒருமுறை அவிழ்ந்து பின்னால் வந்த பைக் பக்கத்தில் விழுந்தது. அந்தத் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். காலி வண்டிதானே என்று ஒருநாளும் கயிற்றைத் தளர்த்தி விடாதீர்கள்.

உடம்பு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். முதல் மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. லைனில் ஒருமுறை ஏறினால் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். லோக்கலில் ஒரு நாளைக்கு இருபது முறை கேபினில் ஏறி இறங்க வேண்டும். முழங்காலுக்கு அதுதான் வேலை. குதித்து இறங்குகிற பழைய பழக்கத்தை விட்டேன், கைப்பிடியைப் பிடித்து, முகம் வண்டியைப் பார்த்தபடி இறங்குகிறேன். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று ஆகியிருக்கிறது. சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் ஓட்டுவது பழைய வண்டி, ஆனாலும் அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறதே என்று சந்தோஷம்.

அரிசி ஆலை மட்டும்தான் வழி என்று இல்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் கான்ட்ராக்டர் மூலம் போகிற வண்டிகள் இருக்கின்றன. அங்கே ஷிப்ட் உண்டு. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். தூத்துக்குடித் துறைமுகக் கண்டெய்னர் டிரெய்லரும் நமக்கு லோக்கல் மாதிரிதான், ஆனால் கேட்டில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டி வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு அது ஒத்துவரவில்லை. பெட்ரோல், கேஸ் ஏற்றுகிற டேங்கர் வண்டி என்றால் மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும். அந்த வேலைக்கு ஆள் குறைவு, அவசரப்பட்டு ஓட்டாதவர்களைத்தான் தேடுகிறார்கள். நாற்பது தாண்டியவர்கள் யோசிக்கலாம்.

இப்போது மார்கழி. பிசானம் என்கிற நெல் பருவத்துப் பயிர் வயலில் நிற்கிறது. மாசி, பங்குனியில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கமெல்லாம் அறுப்பு தொடங்கிவிடும். அந்த ஒன்றரை மாதம் எந்த ஆலைக்கும் இருக்கிற டிரைவர் போதாது, ஆக்டிங் ஆள் தேடி ஓனர்கள் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். திரும்பி வர நினைக்கிறவர்கள் தைக்குள் கண் டெஸ்டையும் லைசென்ஸையும் முடித்து வைத்துவிடுங்கள். அறுப்பு மிஷின் வயலில் இறங்குகிற அன்றைக்குக் காலை நாலு மணிக்கு ஏதாவது ஒரு பட்டறை முக்கில் போய் நில்லுங்கள்.